பூரண சுகம் என்று நான் எழுதிய ஏழு வரி

என் எழுத்து வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அச்சில் வந்தது. மொத்தம் ஏழு வரி, அதிலும் என் பெயர் கிடையாது. அந்த ஏழு வரியும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். கோர்ட்டில் ஒரு வக்கீல் அதை நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை வாசித்தார். முதல் தடவையிலேயே எனக்குக் காது அடைத்துப்போயிற்று. மற்ற இரண்டு தடவையும் அவர் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் சாந்தோம் மாதா கோவில் பங்கு. அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பதினாறு வயதாகும்போதே அம்மா போய்விட்டாள். எனக்குக் கீழே ஒரே தங்கை, ஒன்பது வயது இளையவள். அவளுக்குத் தலை பின்னியதும் நான்தான், தலையில் குட்டியதும் நான்தான், முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்ததும் நான்தான். கன்னியர் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் நான் சொன்ன பதில்கள் அச்சுக்கு ஏற்றவை அல்ல.

யுத்தம் முடிந்த கையோடு தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தோம். மாப்பிள்ளை சாதுவான மனிதர். அடையாற்றில் தாயாரோடு வீடு, சர்க்கார் ஆபீஸில் வேலை. கல்யாணமான எட்டாவது மாதம் தங்கைக்கு அடிவயிற்றில் வலி வந்தது. பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று முதலில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், பிறகு பயந்தார்கள். டாக்டரிடம் காட்டினோம். கருப்பைக்குப் பக்கத்தில் கட்டி இருக்கிறது, வயிற்றைத் திறந்து எடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்த டாக்டரும் எங்கள் பங்குக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசை பெஞ்சு அவருக்கு. தியாகராய நகரில் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்திருந்தார். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லிற்று. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், வேகமாக அறுப்பார் என்றும் சொன்னார்கள். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள், நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

அன்றைக்கு அவருக்கு மூன்று ஆபரேஷன். தங்கை மூன்றாவது. ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மயக்கம் கொடுக்கும் ஈதர் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. அப்போதுதான் நேர்ந்துகொண்டேன்: மாதாவே, என் தங்கை பிழைத்து எழுந்தால் பங்குப் பத்திரிகையில் உமக்குப் பகிரங்கமாக நன்றி எழுதுகிறேன். எங்கள் ஜனங்களிடம் இது சாதாரண நேர்ச்சை. மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் ஏற்றுவார்கள், முடி கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நன்றி அறிவிப்பு போடுவார்கள். பங்குப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுக்க அதுதான் இருக்கும். யாரும் பெயர் போடுவதில்லை. மாதாவின் பிள்ளை, ஒரு விசுவாசி, இப்படி ஏதாவது கீழே இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஒண்ணும் கவலை வேணாம் டீச்சர். எலுமிச்சம்பழம் அளவு கட்டி, எடுத்தாச்சு. அடுத்த வருஷம் ஞானஸ்நானத்துக்கு என்னை மறக்காம கூப்பிடுங்க" என்றார்.

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்தக் கையை நான் ஒற்றிக்கொண்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பன்னிரண்டாம் நாள் தங்கையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். உடம்பு தேறியதும் அடையாற்றுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. உடம்பு தேறவில்லை. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், விடிந்தால் வியர்வை. தையல் போட்ட இடத்தில் ஒரு முனை மட்டும் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டரிடம் போனால், "தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும். சத்தா சாப்பிடச் சொல்லுங்க" என்பார். சாப்பாடு இறங்கினால்தானே சத்தாகச் சாப்பிடுவதற்கு!

இப்போது நான் செய்ததைச் சொல்லப்போகிறேன். கேட்டால் சிரிப்பு வரும், சிரித்துத் தொலையுங்கள். கோர்ட்டிலும் சிரித்தார்கள்.

பூசை முடிந்து வரும்போது கோவில் வாசலில், பாடற்குழுவில் பாடும் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தாள். "தங்கச்சிக்கு ஜுரம் விடலையாமே? நேர்ந்துகிட்டியா ஏதாவது? நேர்ந்ததைச் செஞ்சியா?" என்று கேட்டாள். நான் இன்னும் எழுதவில்லை. சுகமாகட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். "பாத்தியா, மாதாவுக்கே தவணை சொல்றியா நீ? முதல்ல நன்றி சொல்லு, சுகம் தானா வரும். கிடைச்சிடுச்சுன்னு நம்பி எழுதறதுதான்டி விசுவாசம்" என்றாள் அவள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம், அப்படித்தான் செய்தோம்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் தங்கை காய்ச்சலில் கிடந்தாள். "என்னக்கா எழுதறே?" என்று கேட்டாள். "உனக்கு உடம்பு நல்லாயிடுச்சுன்னு எழுதறேன்" என்றேன். "நல்லா கொட்டை எழுத்தா எழுது. என் உடம்புக்குப் படிக்கத் தெரியட்டும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

எழுதியது இது:

"தேவமாதாவின் மன்றாட்டினாலும், நமது பங்கைச் சேர்ந்த கைராசியுள்ள டாக்டர் ஒருவரின் திறமையினாலும், கடும் வயிற்று நோயால் வருந்திய என் சகோதரி ரண சிகிச்சையில் யாதொரு பழுதுமின்றிப் பிழைத்து, பூரண சுகமடைந்து, முன்போல் தன் வேலைகளைத் தானே செய்துவருகிறாள். நேர்ந்துகொண்டபடி இந்த நன்றியைப் பகிரங்கப்படுத்துகிறேன். மாதாவின் அடியாள்."

யாதொரு பழுதுமின்றி! தானே எழுந்து தண்ணீர் மொண்டு குடிக்க முடியாதவளைப் பற்றி எழுதினேன், யாதொரு பழுதுமின்றி என்று. அவளுக்குச் சுகமாகியிருந்தால் இவ்வளவு அவசரமாக எழுதியிருக்கவே மாட்டேன். சுகமாகவில்லையே என்ற பயத்தில்தான் சுகமாகிவிட்டது என்று எழுதினேன்.

பத்திரிகை வந்தது. டாக்டர் வீட்டுக்கும் போயிற்று. அடுத்த தடவை நாங்கள் நர்சிங் ஹோமுக்குப் போனபோது, காத்திருக்கும் அறையின் சுவரில் அந்த ஏழு வரியை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதுதான் முறை. ஆனாலும் தங்கையை இடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு வாரா வாரம் என் தங்கை காய்ச்சலோடு அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தாள். வயிற்றில் போட்ட கட்டு நனைந்து சேலையில் கறை பட்டுவிடுமோ என்று ஒரு துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை அவளுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதைப் படித்துவிட்டு, "பாருங்க, எவ்வளவு நல்ல டாக்டர்!" என்று அவளிடமே சொன்னாள்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை தங்கை பச்சையாக வாந்தி எடுத்தாள், வயிறு கல்லாகிவிட்டது. தியாகராய நகருக்கு ஆள் அனுப்பினால் டாக்டர் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதன் பெயர் வேண்டாம். அங்கே அன்றைக்கே மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். கருப்பையும் கெட்டுப்போயிருந்ததால் எடுத்துவிட்டோம், இனிக் குழந்தை இல்லை என்றும் சொன்னார்கள்.

மறுநாள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். வார்டு ஆயா ஒருத்தி, வாளியும் கையுமாக வந்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள்.

"நீ டீச்சராமே? நான் சொன்னேன்னு சொல்லிக்காதே. உன் தங்கச்சி வவுத்துலேர்ந்து துணி எடுத்தாங்கோ."

"என்ன துணி?"

"இன்னா துணியா? ரத்தம் ஒத்துவாங்களே, அந்தத் துணிதான். ஒரு மொழம் கீது. நாத்தம்னா நாத்தம், டாக்டரே மூஞ்சியத் திருப்பிக்கினாரு. என்னாண்ட குடுத்து அடுப்புல போடுன்னாங்கோ, போட்டேன்."

"அடிப்பாவி, ஏன் போட்டே?"

"போடுன்னா போடாம, வூட்டுக்கா எடுத்துக்கினு போவாங்கோ?" என்று முறைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்கே இரக்கம் வந்துவிட்டது போல. "அழுவாதே டீச்சரம்மா. எவன் கேட்டாலும் வந்து சொல்றேன். எனக்கு இன்னா பயம்?" என்றாள்.

இரண்டாவது டாக்டரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய சீழ்க்கட்டி. வடிச்சுட்டோம். கேஸ் ஷீட்ல இருக்கு" என்றார். துணியா என்றேன். "ஆயாம்மா பேச்செல்லாம் கேட்காதீங்க" என்றார். நான் ஆயா என்று சொல்லவே இல்லை. அவராகச் சொன்னார்.

அந்தப் 'பழைய' என்ற வார்த்தைதான் என் தங்கையைக் கொன்றது. அடையாற்றிலிருந்து மாமியார் பார்க்க வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "பழசுன்னா எப்போதிலிருந்து? எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியிலிருந்துதானே? நோயை மறைச்சு என் பிள்ளை தலையில கட்டிட்டீங்க" என்றாள். அது என்ன நோய், ஒரு பெண்ணுக்கு எப்படி வரும் என்றெல்லாம் அவள் வாயால் சொல்லவில்லை. மூக்கைச் சுளித்தாள், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவிலில் தங்கைக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கும். அவள் தொட்ட தீர்த்தத் தொட்டியில் கை வைக்காமல் போன பெண்களை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை மட்டும் தனியாக ஒரு நாள் வந்தார். கூடத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"அக்கா, எனக்கு அவ மேல சந்தேகமில்லை. ஆனா அம்மாவை எதிர்த்துப் பேச என்கிட்ட ஒண்ணுமில்லை. அந்தத் துணியை வெச்சது டாக்டர்தான்னு கோர்ட்டுல ஒரு வரி சொல்லட்டும். அந்தக் காகிதத்தை அம்மா முன்னாடி போட்டுட்டு அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்."

தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் வெளியே வந்து, "நிஜமாவே வருவாருக்கா" என்றாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. நட்ட ஈடு, தண்டனை என்று வெளியில் பேசியதெல்லாம் சும்மா. எங்களுக்கு வேண்டியிருந்தது ஜட்ஜ் வாயால் அந்த ஒரு வரி.

மயிலாப்பூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்ல மனிதர், நெற்றியில் பளிச்சென்று திருநீறு, மேஜையில் எப்போதும் வெள்ளிக் கூஜா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிரா சாட்சி சொல்றது நம்ம ஊர்ல நடக்காத காரியம்மா. துணியையும் கொளுத்தியாச்சு. ஆயா ஒருத்தியை நம்பிண்டு போறோம். பார்ப்போம்" என்றார்.

கேஸ் இழுத்தது. நடுவில் சுதந்திரம் வந்தது, சாந்தோமில் கொடி ஏற்றினார்கள், தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதற்கு அடுத்த வருஷம்தான் விசாரணைக்கு வந்தது. அதற்கு முந்தின வாரம் வக்கீல் என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார். மேஜை மேல் பங்குப் பத்திரிகையின் ஒரு பிரதி கிடந்தது.

"எதிர்த்தரப்புல இதைத் தாக்கல் பண்ணியிருக்கா. இது யாரைப் பத்தி?"

"என் தங்கையைப் பத்தி."

"யார் எழுதினா?"

"நான்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பூரண சுகம்னு எழுதியிருக்கேளே! அப்போ சுகமா இருந்தாளா?"

"இல்லை. நல்ல காய்ச்சல்."

"பொய்யா எழுதினேள்?"

"பொய் இல்லை சார். நேர்ச்சை."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ஏறவில்லை. "எங்காத்துலயும் வேண்டிக்கறோம், நானும் திருப்பதிக்கு வேண்டிண்டிருக்கேன். காரியம் ஆனப்புறம்தானே போவோம்! ஆகறதுக்கு முன்னாடியே ஆயிடுத்துன்னு யாராவது அச்சடிப்பாளா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் பிரதி எங்கே என்று கேட்டார். அச்சாபீஸில் அதையெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். எழுதினது யாரென்று வேறு யாருக்குத் தெரியும் என்றார். தங்கைக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்றேன்.

"இதுல பேர் இல்லை. யார் தங்கையோ, எந்த டாக்டரோ, எந்த வயிறோ. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலே. அது என் வேலை இல்லை. ஆனா 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு சாட்சி சொன்னா, அதுக்கு மேல இந்தக் காகிதம் வெறும் காகிதம்தான். புரியறதோல்லியோ?"

புரிந்தது. வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ செய்க்கா" என்றாள்.

விசாரணை அன்றைக்கு முதலில் ஆயாவைக் கூப்பிட்டார்கள். துவைத்த சேலை, தலையில் பூ. எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய ஆள். அவர் இங்கிலீஷில் கேட்க, ஒருவர் தமிழில் சொல்ல, இவள் கூண்டில் நின்றுகொண்டு பதில் சொன்னாள்.

"நீ படித்தவளா?"

"படிச்சிருந்தா அங்க ஏன் பீ மூத்திரம் வாரிக்கினு கீறேன்?"

"நீ பார்த்தது சீழ்ச் சவ்வாக இருக்கலாம் அல்லவா? துணி என்று எப்படிச் சொல்கிறாய்?"

ஆயா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சவ்வுக்கு ஓரம் மடிச்சுத் தச்சிருக்குமா நைனா?" என்றாள்.

மொழிபெயர்த்துச் சொன்னதும் ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எங்கள் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார், அவர் கண்ணில் முதல் தடவையாக நம்பிக்கை தெரிந்தது. தங்கை பெஞ்சில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கதவோரத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அந்த ஒரு கேள்வியால் ஆயா எங்கள் கேஸை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். அதற்காகவே ஆஸ்பத்திரியில் அவள் சீட்டைக் கிழித்தார்கள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். உண்மையைத் தவிர வேறு சொல்ல மாட்டேன் என்று சொல்லி அதை உதட்டில் வைத்து முத்தி செய்தேன். தங்கைக்கு எந்தெந்தத் தேதியில் காய்ச்சல், எப்போது கசிவு என்று எங்கள் வக்கீல் கேட்டார், மளமளவென்று சொன்னேன். பிறகு பெரிய வக்கீல் எழுந்தார். அவருடைய குமாஸ்தா ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தான். நர்சிங் ஹோம் சுவரிலிருந்த அதே கண்ணாடிச் சட்டம். ஆணி மாட்டிய கம்பிகூட அப்படியே இருந்தது.

அவர் வாசித்தார். யாதொரு பழுதுமின்றி என்று வந்த இடத்தில் நிறுத்தி ஜட்ஜைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இதை எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு வார்த்தை. எனக்குத் தெரியாது. வாய்க்குள் தயாராகத்தான் இருந்தது. தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் உதட்டில் அந்தப் புத்தகத்தின் தோல் வாடை இன்னும் இருந்தது. இருபது வருஷமாக வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான். நரகத்துக்குப் பயந்தேன், அதைவிட அதிகமாக, இத்தனை பேர் முன்னால் பொய் சொல்லிப் பிடிபட்டுவிடுவேனோ என்று பயந்தேன். புண்ணியவதி என்று யாரும் என்னை நினைத்துவிட வேண்டாம்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கதவோரத்தில் மாப்பிள்ளையின் தலை தொங்கிற்று.

"அப்படியானால் இதில் எழுதியபடி உங்கள் சகோதரி அப்போது பூரண சுகமாக இருந்தாள்?"

"இல்லை. காய்ச்சல் விடவில்லை. அதனால்தான் எழுதினேன்."

"காய்ச்சல் விடாததால், சுகமாகிவிட்டது என்று எழுதினீர்கள்?"

"ஆமாம்."

சிரித்தார்கள். பெஞ்சில் இருந்த சின்ன வக்கீல்கள் கோப்புகளால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. மாறாக, என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தைப் பார்த்ததுமே கேஸ் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய வக்கீல் மூன்றாவது தடவை வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. வழக்கைப் பற்றிய எண்ணமே இல்லாத காலத்தில், படித்த ஒரு சகோதரி தன் கைப்பட எழுதிய சொற்களையே நம்ப முடியும், எழுத்தறிவற்ற ஒரு பணிப்பெண்ணின் ஞாபகத்தை அதற்கு மேலாக வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பூரண சுகம் ஏற்பட்டதால், பின்னால் வந்த நோய்க்கு வேறு காரணம் இருக்க வேண்டும். தள்ளுபடி. எங்களுக்கு வேண்டியிருந்த ஒரு வரிக்குப் பதில் இந்த ஒரு வரி கிடைத்தது: வேறு காரணம். அதுவரை மாமியாரின் மூக்கில் இருந்த பேச்சு, இப்போது முத்திரை போட்ட காகிதத்தில் இருந்தது.

தங்கையும் நானும் டிராமில் லஸ் வரைக்கும் வந்தோம். இறங்குவதற்கு முன்னால், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே அவள் சொன்னாள்:

"உனக்காக நான் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்க்கா."

கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், வீடு போய்ச் சேர்வதற்குள் சமாதானமாகியிருப்போம். அவள் சும்மா, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் அடையாற்றிலிருந்து ஜட்காவில் அவளுடைய கல்யாணப் பெட்டி வந்தது. கூட ஒரு ஆளும் வரவில்லை, கடிதமும் இல்லை. இனி அவனுக்கு என்ன மரியாதை? அவன் வரவில்லை. தங்கை பெட்டியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக உதறி வெயிலில் போட்டாள். சாயங்காலம் மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமி கிழவர், காது மந்தம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முட்டி போட்டுச் சொன்னேன்: சாமி, மாதாவின் பேரால் அச்சில் பொய் எழுதினேன். எதற்காக என்று கேட்டார், சொன்னேன். "அது விசுவாசம் மகளே, பொய் இல்லை. மேலே சொல்" என்றார். கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு உண்மையைச் சொன்னேன் சாமி, என்றேன். காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "அதில் பாவம் ஏது?" என்றார்.

"என் தங்கச்சி வாழ்க்கை போயிடுச்சு சாமி."

"உன் மேல் பாவமில்லை. சமாதானமாய்ப் போ."

வேறு பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மன்னிப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமே அவருக்கு. பூசை நேரத்தில் கவனம் சிதறியது என்று சொன்னேன். அதற்கு மூன்று தடவை அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். மாதாவுக்காக ஏழு வரி பொய் எழுதக் கூசாதவளுக்கு, கூடப் பிறந்தவளுக்காக இரண்டு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இதற்கு எந்தச் சாமியிடம் மன்னிப்பு இருக்கிறது? எனக்குத் தெரிந்து இல்லை.

தங்கை அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். இரண்டு தடவை கிழித்த வயிற்றுக்குள் குடல் ஒட்டிக்கொண்டு அடிக்கடி முறுக்கும். கடைசியில் ஒரு தடவை முறுக்கி நின்றபோது, மூன்றாவது முறையாக அறுக்க வேண்டும், உடம்பு தாங்குமா என்று தெரியாது என்றார்கள். ஸ்டிரெச்சரில் படுக்க வைத்து ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். ஆபரேஷன் அறை வாசலில் என் கை தானாகச் செபமாலையைத் தேடிற்று. உதடு அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், குனிந்தேன்.

"ஒண்ணும் நேர்ந்துக்காதேக்கா" என்றாள். அந்த நிலையிலும் உதட்டோரத்தில் அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. "அப்புறம் எழுதிடுவே."

நான் நேர்ந்துகொள்ளவில்லை. செபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார், பின்னாலேயே ஸ்டிரெச்சர் வந்தது. அந்த வெள்ளைத் துணியை இப்போது அவள் முகம் வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தார்கள்.